கிழமைக்கு இரண்டா, இரண்டு கிழமைக்கு ஒன்றா?

வெள்ளவத்தை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிக்கும் தங்கச்சிக்கும்,

நான் ஓய்வுபெற்று ஒரு வருடம் ஆகிறது. ஆனால் அலுவலகத்தை நடத்தும் ஐயா அதை இன்னும் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. நீங்கள் இருவரும் செய்யும் மொழிபெயர்ப்புகளைப் படம் பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சும்மா ஒருக்கால் பாரும்" என்கிறார். நானும் பார்க்கிறேன். கொட்டாஞ்சேனையில் காலைத் தேத்தண்ணீரோடு பேப்பர் வாசிப்பதைவிட உங்கள் பிழைகளை வாசிப்பது எனக்குச் சுவாரசியமாகத்தான் இருக்கிறது. கோபிக்காதீர்கள்.

போன கிழமை வந்த இரண்டு பக்கங்களிலும் ஒரே பிழை. ‘இவர் ஐந்து வருடமாக இங்கே வசிக்கிறார்’ என்பதை இருவருமே ‘சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்று எழுதியிருந்தீர்கள். ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதவில்லை என்று நம்புகிறேன். தமிழில் நமக்கு ‘ஆக’ என்று ஓர் ஒட்டு போதும். ஐந்து வருடமாக, நேற்றிலிருந்து, கல்யாணம் முடித்த நாள் முதல், எல்லாம் கேட்கிறவருக்கு விளங்கிவிடும். ஆங்கிலத்துக்கு அது போதாது. எவ்வளவு காலம் என்று சொன்னால் ‘ஃபோர்’. எப்போது தொடங்கி என்று சொன்னால் ‘சின்ஸ்’. ஐந்து வருடம் என்பது ஓர் அளவு, தொடங்கிய நாள் அல்ல.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நான் இதைவிட மோசமாகச் செய்திருக்கிறேன் என்று அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாமன்கடையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். இருவரும் சேர்ந்து வெளிநாடு போக விண்ணப்பம். ஆறு வருடமாகச் சேர்ந்து வாழ்கிறோம் என்று அவர்கள் சொன்னதை நான் ‘வீ லிவ்ட் டுகெதர் ஃபோர் சிக்ஸ் இயர்ஸ்’ என்று எழுதிக் கொடுத்தேன். அளவுக்கு ‘ஃபோர்’ போட்டுவிட்ட பெருமையில் வினைச்சொல்லை நான் கவனிக்கவில்லை. வாழ்ந்தோம், இப்போது இல்லை என்பதுதான் அந்த வசனத்தின் பொருள். விசா அலுவலகம் மிகவும் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டு அனுப்பியது: நீங்கள் இருவரும் எந்தத் திகதியில் பிரிந்தீர்கள்?

அந்தக் கடிதத்தோடு அவர்கள் என் மேசைக்கு முன்னால் வந்து இருந்தபோது ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை. மற்றவர்தான் தனியே போய் ஏதோ சொல்லியிருக்கிறார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ‘ஹேவ்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்து அவர்களை மறுபடி சேர்த்துவைத்தேன். இரண்டாவது கடிதத்தை வாங்கும்போது அந்த அக்கா அதை மூன்று தரம் வாசித்துவிட்டுத்தான் கணவனிடம் கொடுத்தார்.

இதெல்லாம் பிறகு சிரிக்கக்கூடிய பிழைகள். நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றைச் சொல்ல. அது புதிதில் நடந்ததல்ல. முப்பது வருடம் வேலை செய்து, காலம் பற்றிய ஆங்கிலம் எல்லாம் என் கைக்குள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பிறகு நடந்தது.

பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு தனியார் சிகிச்சை நிலையம், மூட்டு வருத்தக்காரர்களுக்குக் கொடுக்கும் மருந்து அட்டையை எங்களிடம் தமிழில் எழுதக் கொடுத்தது. சின்ன அட்டை, பத்து வரிகூட வராது. அதில் ஒரு வரி ‘ஒன் டேப்லெட் பைவீக்லி’. ‘பை’ என்றால் இரண்டு, ‘வீக்’ என்றால் கிழமை. எனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் முறைக்கு அகராதியைத் திறந்தேன். முதல் வரியில் ‘கிழமைக்கு இரண்டு தடவை’ என்று இருந்தது. நான் நினைத்ததும் அதுவே. திருப்தியோடு புத்தகத்தை மூடினேன். அதற்கு அடுத்த வரியில் ‘இரண்டு கிழமைக்கு ஒரு தடவை’ என்றும் இருந்தது. அந்த வரிக்கு என் கண் போகவில்லை.

இங்கே நில்லுங்கள். அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தமும் உண்டு. ஆங்கிலம் பேசுகிறவர்களே அதில் தடுமாறுவார்கள். அதனால் என் மேல் பிழையில்லை என்று நீங்கள் சொல்லலாம். நானும் சில மணி நேரம் அப்படிச் சொல்லிப் பார்த்தேன்.

அட்டை அச்சாகி நோயாளிகளின் கைக்குப் போய்ச் சில நாட்கள் ஆன பிறகு, ஒரு வியாழக்கிழமை காலை, ஓர் அம்மா ஒரு கடிதத்தோடு வந்தார். மகனோடு இருக்கக் கனடா போகிறார். மகன் குடியிருக்கும் கட்டடத்தின் விதிகளை அவருக்குத் தமிழில் எழுதித் தரவேண்டும். சத்தம் போடக்கூடாது, பல்கனியில் உடுப்பு காயப்போடக்கூடாது, குப்பை எடுக்க வருவது பைவீக்லி. கீழே திகதிகள் போட்டிருந்தன. மாதத்தின் நாலாம் திகதி, பதினெட்டாம் திகதி. அடுத்த மாதம் இரண்டு, பதினாறு.

நான் அந்தத் திகதிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குப்பை கிழமைக்கு இரண்டு தடவை போகவில்லை. இரண்டு கிழமைக்கு ஒரு தடவைதான் போகிறது. அந்த அம்மா, "என்ன மிஸ், கனடாவில குப்பையும் எடுக்க மாட்டினமோ?" என்று கேட்டார். அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

அவரைப் பின்னேரம் வரச் சொல்லிவிட்டு மருந்து அட்டையின் பிரதியை எடுத்தேன். அகராதியின் அடுத்த வரியையும் இந்தத் தடவை வாசித்தேன். வைத்தியர் எதை நினைத்து எழுதினார் என்று எனக்குத் தெரியாது. நான் எழுதியதே சரியாகவும் இருக்கலாம். இல்லையென்றால், யாரோ ஒருவர் ஒரு மாத்திரை போடவேண்டிய காலத்தில் நாலு மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறார்.

ஐயாவிடம் போய்ச் சொன்னேன். ஐயா நல்ல மனிதர். அது உங்களுக்கும் தெரியும். ஆனால் அந்தச் சிகிச்சை நிலையத்தின் வேலை எங்களுக்கு அப்போதுதான் கிடைத்திருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அகராதியில ரெண்டு அர்த்தமும் கிடக்கு. நாங்கள் எழுதினது பிழையெண்டு ஒருத்தரும் சொல்லேலாது. நீர் எடுத்துச் சொன்னால்தான் அது பிழையாகும்."

அவர் சொன்னது சட்டப்படி சரியாக இருந்திருக்கலாம். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. ஒரு மின்னஞ்சல் அனுப்பி, நாளைக்குப் பதில் வரட்டும் என்று இருந்துவிடலாம். யாரும் குறை சொல்ல முடியாத வழி அது. நான் வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன்.

"ஐயா, பிழையோ சரியோ, ஆரோ ஒருத்தர் அந்த மாத்திரையைப் போடுறாரல்லோ" என்றேன்.

அவர் மேசையிலிருந்த தொலைபேசியை என் பக்கம் தள்ளிவைத்தார்.

சிகிச்சை நிலையத்தில் தொலைபேசியை எடுத்த பெண், வைத்தியர் நோயாளிகளைப் பார்க்கிறார், நாளை எடுங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். நாளை என்பது எனக்குப் போதாது. அப்படியானால் மருந்து கொடுக்கிறவரிடம் கொடுங்கள் என்று கேட்டேன். நிலூகா என்று ஒரு மருந்தாளர் வந்தார். குரலைக் கேட்டால் முப்பது வயதுகூட இருக்காது. நான் யார், என்ன எழுதினேன், ஏன் பயப்படுகிறேன் என்று ஒரே மூச்சில் சிங்களத்தில் சொன்னேன்.

"இரண்டு கிழமைக்கு ஒரு தடவைதான், மிஸ்" என்றார். பிறகு, "யாருடைய பிழை என்று ஆறுதலாகப் பார்ப்போம். தமிழ் அட்டை எத்தனை பேருக்குப் போயிருக்கிறது என்று நான் இப்போது பார்க்கிறேன். வைத்துவிடாதீர்கள்."

உங்களுக்கு வேலையில் எப்போதாவது ஒரு பெரிய பிழை நடந்தால், மறுபக்கத்தில் இப்படி ஒருவர் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது, நீங்கள் அப்படி ஒருவராக இருப்பது.

காத்திருந்த நேரத்தில் ஒன்று கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம். சிங்கள அட்டையில் என்ன இருக்கிறது? சரியாகத்தான் இருக்கிறதாம். அதை மொழிபெயர்த்தவருக்கு எப்படித் தெரிந்தது? நிலூகா கொஞ்சம் தயங்கினார்.

"அவர் ஃபோன் பண்ணிக் கேட்டார், மிஸ்."

அவ்வளவுதான். அந்த மனிதர் யார், என்ன பெயர், எத்தனை வருட அனுபவம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு நிமிடம் செலவழித்து ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். என்னுடைய முப்பது வருடத்துக்கு அந்த ஒரு நிமிடம் இல்லாமல் போனது. எனக்கு யாராவது குரு என்று இருந்தால் முகம் தெரியாத அவர்தான்.

தமிழ் அட்டை மூன்று பேருக்குப் போயிருந்தது. கல்கிசையில் ஒருவர் மருந்துப் பையை இன்னும் திறக்கவே இல்லை. அவரது சோம்பலுக்கு நான் மனதார நன்றி சொன்னேன். இன்னொருவர் ஒரு மாத்திரை மட்டும் போட்டிருந்தார். அவரிடமும் நிலூகா பேசிவிட்டார். மூன்றாவது முகத்துவாரத்தில் ஜெசிந்தா என்று ஒருவர். அவருடைய கைத்தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

அந்த ஒழுங்கைகள் எனக்குத் தெரியும், என் வீட்டுக்குப் பக்கத்து ஊர்தான், நான் போகிறேன் என்றேன். நிலூகா யோசித்தார். தானும் வருவதாகச் சொன்னார். "அட்டையைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள். மாத்திரையைப் பற்றி நான் சொல்கிறேன். ஒருவருடையதை மற்றவர் சொல்லக்கூடாது."

ஓட்டோவில் போகும்போது அவர் தமிழ் அட்டையை என்னிடம் நீட்டி, ஒவ்வொரு வரியாகச் சிங்களத்தில் சொல்லச் சொன்னார். வேறு பிழை இருக்கிறதா என்று பார்க்கத்தான். நான் எழுதியதை நானே இன்னொருவருக்கு வாசித்துச் சொன்னேன். வேறு பிழை இல்லை. மிகவும் அழகான தமிழ். அதுவும் எனக்கு அன்று ஆறுதலாக இல்லை.

ஜெசிந்தாவின் வீடு துறைமுக மதிலுக்குப் பின்னால் ஒரு குறுகிய ஒழுங்கையில் இருந்தது. அவர் வாசலில் பாயை விரித்துக் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கைத்தொலைபேசி உள்ளே, மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது. பட்டப்பகலில் இரண்டு பெண்கள் மூச்சு வாங்க வந்து நின்றதும் அவர் முதலில் நினைத்தது, கடலுக்குப் போன கணவனுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று. அவருக்கு என்ன என்று கேட்டபடி எழும்பினார். இல்லை, இது மருந்து விஷயம் என்று நிலூகா அவசரமாகச் சொன்னார்.

எத்தனை மாத்திரை போட்டீர்கள் என்று கேட்டார். ஜெசிந்தா கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்தார். இரண்டு இடம் வெறுமையாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை ஒண்டு. நேத்து ஒண்டு. அடுத்தது சனிக்கிழமை போட இருந்தன்" என்றார். நேற்றிலிருந்து தலை சுற்றுவதாகவும் சொன்னார். வெயிலில் நின்றதால் என்று நினைத்தாராம்.

நிலூகா வைத்தியரோடு கதைக்க ஒழுங்கைக்குப் போனார். நானும் ஜெசிந்தாவும் வாசலில் நின்றோம். என் முறை. ‘அட்டையில் ஒரு தவறு ஏற்பட்டுவிட்டது’ என்று ஒரு வசனம் வாய்வரை வந்தது. தவறு தானாக ஏற்படுவதுபோல எழுதுவதில் நமக்கெல்லாம் நல்ல பயிற்சி இருக்கிறது. அதை விழுங்கினேன்.

"கார்ட்டில இருக்கிறது பிழை. ரெண்டு கிழமைக்கு ஒண்டுதான் போடவேணும். அதை மாத்தி எழுதினது நான்தான்" என்றேன்.

அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"டொக்டர் வாயால ‘சதி தெகக்கட்ட சரயக்’ எண்டுதான் சொன்னாரு" என்றார். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை என்று வைத்தியர் அவருக்கு விளங்கும் சிங்களத்தில் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். "வீட்டுக்கு வந்து பார்த்தா கார்ட்டுல வேற மாதிரி. எனக்குத்தான் காது சரியாக் கேக்கல்ல எண்டு நெனச்சன். அச்சடிச்சது பொய் சொல்லுமா, மிஸ்?"

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டார். முப்பது வருடத்தில் என் எழுத்தை இவ்வளவு நம்பிய ஒருவரை நான் சந்தித்ததில்லை. தன் காதைவிட என் வரியை நம்பியிருக்கிறார். நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியையும் எங்கோ ஒருவர் அப்படி நம்புவார். அவர் உங்களிடம் கேள்வி கேட்கமாட்டார். அதனால் அவருக்காக நீங்கள் கேட்கவேண்டும்.

நிலூகா திரும்பி வந்தார். உடனே வந்து இரத்தம் சோதிக்கவேண்டும், சொல்லும்வரை அடுத்த மாத்திரை வேண்டாம். ஜெசிந்தா கருவாட்டுப் பாயைப் பக்கத்து வீட்டில் பார்க்கச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். ஓட்டோவில் ஏற முன்பு நிலூகா பேனையை எடுத்து அட்டையில் என் வரியை வெட்டினார். மேலே என்ன எழுத என்று என்னைப் பார்த்தார். ‘இரண்டு கிழமைக்கு ஒரு தடவை’ என்று நான் சொல்லத் தொடங்கினேன். ஜெசிந்தா இடையில் புகுந்தார்.

"எத்தினை தரம் எண்டு எழுதாதீங்க. எந்த நாள் எண்டு எழுதித் தாங்க. போட்டுல கடலுக்குப் போறவங்களுக்கு ரெண்டு கிழமையில வாங்க எண்டு சொன்னா ஒருத்தரும் வரமாட்டாங்க. திகதியச் சொல்லணும்."

நிலூகா என்னைப் பார்த்தார். நான் நிலூகாவைப் பார்த்தேன். திகதிக்கு இடம் விட்டு எழுதினோம்.

அடுத்த நாள் காலை பதினொரு மணிக்குத்தான் சோதனை முடிவு வந்தது. அதுவரை நான் ஒரு விவாகச் சான்றிதழை மொழிபெயர்க்க முயன்று, மணமகளின் இடத்தில் தகப்பனின் பெயரைப் போட்டேன். ஐயா அதைக் கண்டு தானே திருத்தினார். முடிவில் ஓர் அளவு மட்டும் கொஞ்சம் ஏறியிருந்தது. ஒரு கிழமை கழித்து மறுபடி சோதித்தபோது அது சரியாகிவிட்டது. தலைச்சுற்றலும் நின்றுவிட்டது. இதை ஜெசிந்தாவே தொலைபேசியில் சொன்னார். அவரோடு கதைத்துவிட்டு வைத்த பிறகு நான் மாடிப்படியில் போய் இருந்து கொஞ்சம் அழுதேன். அதை உங்களிடம் சொல்ல வெட்கமில்லை.

பிறகு சிகிச்சை நிலையத்துக்கு விளக்கக் கடிதம் எழுதும் சண்டை. ஐயா ஆங்கிலத்தில் ‘ஒரு தெளிவின்மை அவதானிக்கப்பட்டது’ என்ற பாணியில் ஒரு பக்கம் எழுதிவைத்திருந்தார். யார் அவதானித்தார், யார் தெளிவில்லாமல் இருந்தார் என்று அதில் எங்கும் இல்லை. நான் அதைக் கிழிக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டு நாலு வசனம் எழுதினேன். அதில் ஒன்று, ‘சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருந்தது, நான் கேட்கவில்லை’. ஐயா அதை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பதில் ஒரு புதன்கிழமை வந்தது. வேலையை நிறுத்துகிறோம் என்று இல்லை. அட்டையை மாற்றுவது பற்றிக் கதைக்க ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ வாருங்கள் என்று இருந்தது.

நாளை மறுநாள் என்றார் ஐயா. இல்லை, நாளை மறுநாள் என்றால் ‘திஸ் ஃப்ரைடே’, ‘நெக்ஸ்ட்’ என்றால் அதற்கு அடுத்த கிழமை என்றேன் நான். இலக்கணத்தோடு விளக்கினேன். உதாரணம் காட்டினேன். ஐயா அசையவில்லை. கடைசியில் நிலூகாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் முகாமையாளரிடம் கேட்டுவிட்டு வந்து, நாளை மறுநாள்தான் என்றார். ஐயா எனக்கு ஒரு தேத்தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். அவர் என்னைக் கேலி செய்யும் விதம் அது.

வெள்ளிக்கிழமை போனோம். ‘பைவீக்லி’ என்ற சொல்லை மூன்று மொழி அட்டைகளிலும் எடுத்துவிடலாம், தடவைக் கணக்கும் வேண்டாம், மருந்து கொடுக்கும்போதே நாளையும் திகதியையும் பேனையால் எழுதிக் கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். முகாமையாளர் நல்ல யோசனை என்றார். கூட்டக் குறிப்பில் போடவேண்டும், இது உங்களுடையதா என்று கேட்டார். இல்லை, ஜெசிந்தா என்பவருடையது என்றேன். அவர் பெயரை எழுதிக்கொண்டு, எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று கேட்டார். முகத்துவாரத்தில் கருவாடு விற்கிறார் என்றேன். நிலூகா குனிந்து தன் கோப்பில் எதையோ தேடத் தொடங்கினார். முகாமையாளர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதையும் எழுதிக்கொண்டார்.

புதிய அட்டையின் தமிழ் வேலையும் எனக்கே வந்தது. மற்ற வரிகள் எல்லாம் அப்படியே இருந்தன. அந்த ஒரு வரி இருந்த இடத்தில் மட்டும் ‘மாத்திரை போடும் நாள்’ என்று எழுதி, கீழே ஆறு வெறும் கோடுகள் போட்டேன். என் வாழ்க்கையில் நான் இத்தனை தரம் சரிபார்த்த வரி வேறு இல்லை.